வத்திராயிருப்பு பஸ் எத்தனை மணிக்கு?

பஸ் நேரம் சேகரிப்பதும் ஒரு வேலைதான். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானைப் படிக்காமலே அழுத்திவிட்டு அப்புறம் பல்லைக் கடிக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பஸ்ஸே இல்லாத ரோடு

நான் ராஜபாளையத்தில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். வீடு வத்திராயிருப்பு. ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டே, ஒரு பெரிய கம்பெனியின் மேப்பில் அதே ரோட்டில் அடுத்த பஸ் எப்போது என்று தேடினேன். இந்த வழியில் பஸ்ஸே கிடையாது, டாக்ஸி பிடி என்றது. கூடவே டாக்ஸி விளம்பரம். ஆத்திரத்தில் போனைக் கண்டக்டரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“அப்போ நான் இம்புட்டு நேரமா எதுலம்மா நிக்கேன்?”

தபால்காரர்

நானும் என் தோழி கோமதியும் எங்கள் பக்கத்து பஸ் நேரங்களை ஒரு சமூக வலைதளத்தில் போட்டோம். ஊரே வந்து சேர்ந்தது. ஆனால் பதிவு ஏழெட்டுப் பேர் கண்ணில்தான் பட்டது. மற்றவர்களுக்கும் காட்ட வேண்டுமென்றால் பணம் கட்டு என்றது கம்பெனி. விரும்பிச் சேர்ந்தவர்களிடம் பேசக் கட்டணமா, இது என்ன நியாயம் என்று கோமதி வீட்டில் அரை மணி நேரம் கத்தினேன். அவள் அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

“நம்ம வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைச் சொந்தக்காரன்ட்ட குடுக்கத் தபால்காரன் காசு கேட்டான்னா, தபால்காரனை மாத்துங்க. என் காதை ஏன் கிழிக்கிய?”

புளிக்குழம்பு

மாற்றினோம். கம்ப்யூட்டர் படிக்கும் கோமதி தனியாக ஒரு இணையப் பக்கமே கட்டிவிட்டாள். விளம்பரம் இல்லை, உளவு இல்லை. யார் வேண்டுமானாலும் நேரத்தைத் திருத்தலாம். திருத்தத் தெரியாதவர்களுக்கு என் போன் நம்பர். அங்கேதான் சறுக்கினேன். ஒருவரும் திருத்தவில்லை, எல்லோரும் போன் செய்தார்கள். ஏழே முக்கால் பஸ்ஸில் டிபன் கேரியரை விட்டுவிட்டதாக ஒரு பெரியவர். ஐயா, நாங்கள் பஸ் ஆபீஸ் இல்லை, இது மக்களே மக்களுக்காக நடத்தும் பக்கம், இணையம் நாலு கம்பெனியின் பூர்வீகச் சொத்தல்ல என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரிதாந்தாயி. உள்ள புளிக்குழம்பு இருக்கு, சாயாம எடுத்து வையி.”

எங்கள் சமூகம்

அடுத்து, டிக்கெட் ஆப் கம்பெனிக்காரர் ஒருவர் பக்கத்தையே கேட்டு வந்தார். விளம்பரத்தோடு அவர்களே நடத்துவார்களாம். நான் முடியாது என்றேன். கோமதிக்கோ அலுத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் வெளியாள் ஒருவராவது ஒரு நேரத்தையாவது திருத்தாவிட்டால் கொடுத்துவிடுவோம் என்றாள். சமூகத்தின் சொத்தைக் கொடுக்க நாம் யார் என்று பாய்ந்தேன்.

“ஏட்டி, எந்தச் சமூகம்? நீயும் நானும் மட்டும் இருந்தா ஷேர் ஆட்டோ கூட கெளம்பாது.”

ஐந்து இருபது

மாதம் முடிய இரண்டு நாள். ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகும் முத்துலட்சுமி அக்கா விடிகாலையில் போனில் வந்தார். முதல் பஸ் ஐந்து இருபதுக்கு என்று நான் போட்டிருந்தேன். அது ஐந்து பத்துக்கே போய்விட்டது. அன்றைய ஷிப்ட் போச்சு. பஸ் ஸ்டாண்டில் எழுதியிருப்பதே ஐந்து இருபதுதான் என்று வாதாடினேன். வாதத்தில் ஜெயித்தேன், அக்காவுக்கு ஷிப்ட் திரும்பவில்லை.

சாயங்காலம் பக்கத்தைத் திறந்தால் என் ஐந்து இருபதைக் காணோம். ‘5.10. டிரைவர் கிருஷ்ணன்கோவில்ல டீ குடிக்கணும்னு பத்து நிமிசம் முந்தியே எடுத்துருவாரு’ என்று இருந்தது. அக்காவோடு மில்லில் வேலை பார்க்கும் பெண்கள் இன்னும் ஆறு நேரங்களை மாற்றியிருந்தார்கள். திருத்தியதற்குக் காரணம் எழுதும் கட்டத்தில் அக்கா எழுதியிருந்தார்:

“போட்ட பிள்ளைக்கு வாய் இருக்கிற அளவுக்குப் பஸ் நேரம் தெரியல.”

கம்பெனிக்காரருக்குக் கோமதியே இல்லையென்று சொல்லிவிட்டாள். என் அத்தனை வாதமும் சேர்ந்து காப்பாற்ற முடியாத பக்கத்தை, நான் செய்த ஒரே ஒரு தப்பு காப்பாற்றிவிட்டது.