பதினேழா, பதினெட்டா

1. அண்ணன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். இரண்டே இருக்கை.
2. அதன் பதினாறு அங்குலச் சக்கரங்கள் அவனுக்குப் பிடிக்கவில்லை. மாற்றுவது என்று முடிவானது.
3. அவன் பதினெட்டு என்றான். நான் பதினேழு என்றேன்.
4. அது தீர்வதற்குள் அவனுக்குப் பிரான்ஸில் வேலை கிடைத்தது. "நான் வர்றதுக்குள்ள எதையும் மாத்திடாதடீ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போவதற்கு முன்பு நாங்கள் அட்டைகளை வைத்துத்தான் சண்டை போட்டோம். டிவி வந்த பெட்டியை வெட்டி, இரண்டு அளவிலும் ரிம்மின் வட்டம் செய்தோம். எங்கள் பகுதியான கதிர்காமத்தில், வீட்டின் கார் ஷெட் தரையில் அவற்றைப் பரப்பி, சுற்றிலும் சாக்பீஸால் டயரை வரைந்தோம். டயரின் வெளிவட்டம் அதிகம் மாறக் கூடாது. மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும். ஆகவே ரிம் பெரிதாக ஆக, ரப்பர் மெலியும். பதினெட்டில் அது வளையல்போல ஒட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு அந்த மெலிவுதான் அழகு. எனக்கோ, மழை விட்டதும் எங்கள் தெருவில் வாய் திறக்கும் பள்ளங்கள்தான் கண்ணில் நின்றன.

"பீச் ரோட்ல ஓட்ட எதுக்குடீ இவ்ளோ ரப்பர்?"

"பீச் ரோட்ல சாயந்திரமானா வண்டியே விடமாட்டாங்க. மத்த நேரத்துலயும் கதிர்காமத்தத் தாண்டித்தான போவணும்?"

"மெக்கானிக்கல் படிச்சா வாய் இவ்ளோ நீளும்னு தெரிஞ்சிருந்தா, உன்ன பி.காம்ல சேத்துவிட்டிருப்பேன்."

அம்மா எட்டிப் பார்த்து, தரையில் கிடந்த வட்டங்களைக் காட்டி, "இவ்ளோ பெரிய தோசைக்குக் கல்லு எங்கடா வெச்சிருக்கீங்க?" என்றாள்.

அவன் போன பிறகும் சண்டை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் தொடர்ந்தது. அங்கே தெருவில் நிற்கும் கார்களின் சக்கரங்களைப் படம் எடுத்து அனுப்புவான். நான் எங்கள் தெருப் பள்ளத்தைப் படம் எடுத்து அனுப்புவேன். எந்த அளவைப் பற்றிப் பேசினாலும் "நான் வந்து ஓட்டும்போது" என்றுதான் ஆரம்பிப்பான். அந்த வார்த்தைகளுக்காகவே நான் விட்டுக்கொடுக்காமல் இருந்தேன் என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது. பிரான்ஸுக்குப் போனவர்கள் ஆகஸ்டு விடுமுறையில் வந்து இறங்குவது எங்கள் ஊரில் வழக்கம். முதல் ஆகஸ்டில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் வேறு ஏதோ காரணம்.

ஒரு ஞாயிறு நான் வழக்கம்போலப் பதினேழைப் பற்றி ஆரம்பித்தேன். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"அதையே போட்டுக்கடீ. நீதான ஓட்டப்போற."

இத்தனை நாளாக ஜெயிக்க நினைத்த சண்டையில் ஜெயித்துவிட்டேன். ஆனால் டயர் கடைக்குப் போகவில்லை. ஒரு வாரம் யோசித்து, அடுத்த ஞாயிறு கட்சி மாறினேன்.

"அண்ணா, யோசிச்சுப் பாத்தா பதினெட்டுதான் சரின்னு தோணுது."

அவன் கிண்டல் செய்வான், பழைய வாதங்களை எடுத்து என் தலையிலேயே போடுவான் என்று காத்திருந்தேன்.

"சரிம்மா. அதையே போடு" என்றான். பிறகு அம்மாவின் முட்டிவலியைப் பற்றி விசாரித்தான்.

பதினேழு அங்குலம்தான் போட்டிருக்கிறேன். வண்டி நன்றாக ஓடுகிறது. அண்ணன் அங்கேயே வீடு வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.