உள்ளங்கைச் சூடு

டூங்கபியில் பழைய வான் வண்டிகளை வாங்கி விற்கும் சிஹாப்தீனுக்கு, விளம்பரத்தில் கண்ட தொண்ணூறு வருடப் பழைய மரப்படகொன்றின் மேல் ஆசை. படகோடு வந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் இன்னும் ஓடுகிறது என்று அதில் போட்டிருந்தது.

பரமட்டா ஆற்றங்கரையில் படகுக்காரர், பத்து நாளாக எஞ்சினைத் தொடவேயில்லை என்றார். சிஹாப்தீன் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கிய எஞ்சின் யார் சொன்னாலும் கேட்கும்; ஆறினால்தான் அதன் நோய் தெரியும்.

“ஆறட்டும். பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள்” என்று படகிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு மணி நேரம் போனது. மனைவி ரம்லா கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள். படகுக்காரரின் கழுத்து சிவந்தது. கடைசியில் அவர் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றினார், திரும்பத் திரும்பச் சுழற்றினார். எஞ்சின் இருமக்கூட இல்லை.

“கள்ளன்!” காரில் வரும் வழியெல்லாம் சிஹாப்தீன் கொதித்தார்.

“தொட்டுப் பாக்கணும் எண்டு உங்களுக்கு எப்பிடி விளங்கின?” என்று ரம்லா கேட்டாள். அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

வீட்டு வாசலில் போன் அடித்தது. விற்க வைத்திருந்த வானைப் பார்க்க அரைமணியில் ஒருவர் வருகிறாராம். சிஹாப்தீன் பழக்கத்தில் சாவியை எடுத்து, ஆள் வருமுன் சூடாகட்டும் என்று வானில் ஏறி எஞ்சினை ஓடவிட்டார்.

இறங்கித் திரும்பினால், ரம்லா பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.