உட்கார்ந்த நேரம்

சமையலறையில் கண்ணாடி சிரிஞ்சு கொதிநீரில் கிணிகிணியென்று ஆடும் சத்தம் கேட்டது. "தண்ணி வத்திடப் போவுது" என்று பேச்சைப் பாதியில் விட்டு உள்ளே ஓடினாள் ஞானாம்பாள். எதிர்வீட்டுப் பச்சையம்மாவுக்குப் போட வேண்டிய ஊசி அது.

முன் அறையில் மடக்கு நாற்காலியில் இருந்த வில்பிரட், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தாம்பரத்தில் ஞானாம்பாள் நர்ஸாக இருக்கும் சின்ன நர்சிங் ஹோமில் அவர் கணக்கர். பொய் பேசத் தெரியாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து நேரே இரும்புலியூருக்கு சைக்கிள் மிதித்து வந்திருந்தார்.

காரணம் இருந்தது. நர்சிங் ஹோமில் வருகைப் பதிவேடு என்ற வழக்கமே இல்லை. புதிதாகப் பொறுப்பேற்ற டாக்டர், வாரம் நாற்பத்தெட்டு மணி நேரம் உழைப்பவர்களை நிரந்தரமாக்குவதாகவும் மற்றவர்களை நிறுத்திவிடுவதாகவும் சொல்லியிருந்தார். யார் எவ்வளவு நேரம் என்று விசாரித்து நாளைக் காலை வில்பிரட் சொல்ல வேண்டும். வேலை பார்த்த பம்மல் தோல் கிடங்கை மூடிய பிறகு அவள் கணவன் தனக்கோடி வீட்டோடு இருக்கிறான். ஞானாம்பாளுக்கு வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

ஞானாம்பாள் முந்தானையை இடுப்பில் செருகியபடி திரும்பி வந்தாள். வீட்டிலும் வார்டில் நிற்பது போலத்தான் நிற்பாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் கண்ணை உற்றுப் பார்த்து, "மஞ்சளா கீது, டெஸ்ட் பண்ணிக்க அண்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவாள். நோயாளிகளின் பெயர் அவளுக்கு நினைவில் நிற்காது. எந்தக் கையில் நரம்பு சுலபமாகக் கிடைக்கும் என்பது நிற்கும்.

"சிஸ்டர், சாதாரணமா ஒரு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்றீங்க?"

"அதான் சார் பேஜாரா கீது. இன்னாத்த வேலைன்னு சொல்றது? ஆபரேஷன் பண்ண அம்மாவாண்ட விடிய விடிய இருந்தேன். பாதி நேரம் உக்காந்துகினு தானே இருந்தேன்?"

"தூங்கினீங்களா?"

"யாருனா தூங்குவாங்களா? அது என் கைய வுடாம புடிச்சிகினு கெடந்துச்சி."

"அப்ப அது வேலைதானே?"

"கைய புடிச்சிகினு இருக்கிறது ஒரு வேலையா சார்?"

"என் கைய புடிக்கத்தான் இவளுக்கு டைம் இல்ல" என்றான் தனக்கோடி, மூலையிலிருந்து.

"சும்மா இருய்யா."

அவள் விளையாடவில்லை. சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்த அன்று மேட்ரன் ஒருத்தி, டூட்டியில் நர்ஸ் உட்காரக் கூடாது என்று அதட்டியிருந்தாள். அன்று முதல் நின்றால் வேலை, உட்கார்ந்தால் வேலையில்லை என்று மனதில் பதிந்துபோயிற்று.

"பஞ்சு உருட்டுறீங்களே?"

"அது கதை பேசிக்கினே உருட்றது."

"அடுத்த டூட்டி காமு சிஸ்டர் பஸ்ஸு கிடைக்காம லேட்டா வந்தா, அதுவரைக்கும் நீங்கதானே பாத்துக்கறீங்க?"

"அது காமுவுக்காவ இருந்தது. ஆஸ்பத்திரிக்கு இன்னா?"

விரல்களை மடக்கி, பிரித்து, மறுபடி மடக்கினாள். "முப்பது வரும். இல்ல சார், இருபத்தெட்டு."

வில்பிரட்டுக்குத் தலை சுற்றியது. அவர் காலையில் வரும்போதும் அவள் வார்டில் இருப்பாள். மாலையில் கிளம்பும்போதும் இருப்பாள்.

தனக்கோடி எழுந்தே வந்துவிட்டான். "முக்கால்வாசி நாளு நீ வூட்ல இல்ல. வேலை இருபத்தெட்டு மணிதான்னா, மிச்ச நேரமெல்லாம் எங்க போற நீ?"

ஞானாம்பாள் கணவனைப் பார்த்தாள். வில்பிரட்டைப் பார்த்தாள். சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவள் போல அவள் கண் அலைந்தது. "அதான் எனக்கே தெரியல" என்றாள். குரல் உடைந்து, கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடங்களும் எங்கே போயின என்று அந்த நிமிஷம்தான் முதன்முதலாகக் கேட்டுக்கொண்டாள் போலும்.

வில்பிரட் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார். "நாற்பத்தெட்டுன்னு சொல்லப் போறேன் சிஸ்டர். அதுவே குறைச்சல்."

"பொய்யாயிடுமே சார்." அவள் பதறிக்கொண்டு கதவுவரை வந்தாள். "நான் சோறு துன்ன நேரத்த இன்னும் கழிக்கவே இல்லியே..."

இரண்டு படி இறங்கிய வில்பிரட் திரும்பி ஏறி வந்தார். அவள் அடுத்ததைக் கழிப்பதற்குள், கை நீட்டிக் கதவின் வளையத்தைப் பிடித்து, வெளியிலிருந்து தாமே இழுத்துச் சாத்தினார்.