கம்சாயினிக்கு இரட்டைப் பிள்ளை

கம்சாயினி என்னோடு விமான நிலையச் சரக்குக் கந்தோரில் வேலை செய்பவள். படிவம் நிரப்புவதில் அவளை அடிக்க ஆள் இல்லை. நாங்கள் குடியிருக்கும் பாபடோயிட்டோயில் எத்தனையோ பேரின் விசாப் படிவத்தில் அவள் கையெழுத்துத்தான். அப்படிப்பட்டவளையே ஒரு படிவம் கவிழ்த்துவிட்டது.

மகன் பத்து வாரம் முந்திப் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லை. அவனுடைய குடலுக்குத் தாய்ப்பால்தான் நல்லது, கறந்து குழாயில் கொடுங்கள் என்றார் டொக்டர். மூன்றாம் கிழமையே பால் குறையத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து உதவப் பாலூட்டல் ஆலோசகர் ஒருவர் வேண்டும். அதற்கு வேலைத்தலக் காப்புறுதி இருக்கிறது என்று, சிரிக்கும் தாய் ஒருத்தியின் படத்தோடு கந்தோரில் தந்த புத்தகத்தில் போட்டிருந்தார்கள்.

படிவம் பிள்ளையின் பெயரைக் கேட்டது. பிள்ளை பிறந்த துடக்குக் கழியும் முப்பத்தோராம் நாள்தான் பெயர் வைப்பது என்று யாழ்ப்பாணத்திலிருந்து மாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கம்சாயினி 'பேபி' என்று நிரப்பி அனுப்பினாள். முப்பத்தோராம் நாள், பெட்டியின் துவாரத்தில் வாய் வைத்து ஆரூரன் என்று பெயர் சொல்லிவிட்டு, அதையும் ஒழுங்காக அனுப்பினாள்.

பதில் வந்தது. இரட்டைப் பிள்ளைகளுக்கு வாழ்த்து! பேபி, ஆரூரன் இருவரில் யாருக்குப் பால் குடிக்க இயலாது என்று சான்றிதழ் தேவையாம். போனில் கூப்பிட்டு, பிள்ளை ஒன்றுதான் என்றாள். அப்படியானால் மற்றப் பிள்ளை எப்போது இறந்தது என்று மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைப் பிடுங்கப் போனேன்.

"சும்மா இருங்கோ அக்கா. கோவப்பட்டா ஃபைல் அடியில போயிடும்," என்றாள்.

விசாரணை மூன்று கிழமை நடந்தது. ஒருநாள் அரை மணி நேரம் கறந்தும் போத்தலின் அடி நனையவில்லை. அவள் விக்கி விக்கி அழுதாள். நானும் அழுதேன்.

மகன் வீட்டுக்கு வந்த கிழமை காப்புறுதிக்காரர்களிடமிருந்து போன் வந்தது. எல்லாம் சரியாம். ஆலோசகர் ஆறு தடவை வருவாராம். தாய்க்குப் பால் சுரக்கிறது என்று ஒரு சான்றிதழ் மட்டும் போதுமாம்.

கம்சாயினி மாவுப்பால் போத்தலைக் குலுக்கிக்கொண்டே சொன்னாள்: "முதல் படிவம் அனுப்பிய நாளில் சுரந்தது."

"அந்தத் தேதி போட்ட சான்றிதழ் இருக்கிறதா?" என்று அந்தக் குரல் ஆவலோடு கேட்டது.