பாஸ்போர்ட்டை விழுங்கிய பெட்டி

என் அத்தானுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊரில் பாதிக் கட்டடங்களில் மாடிக்கும் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தவித்தவர்களை அவர்தான் வெளியே எடுத்திருக்கிறார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "பதறாதீங்க, ஒண்ணும் ஆகாது. நான் இங்கேயேதான் நிக்கறேன்" என்பார். அந்தக் குரலுக்காகவே ஒரு தடவை மாட்டிக்கொள்ளலாம். நான் மாட்டிக்கொள்ள மாட்டேன். அவர்கள் வீட்டுக்கு நாலு மாடியும் படியேறித்தான் போவேன்.

அடைபட்டதைத் திறந்துவிடுவதே பிழைப்பாக இருக்கிற மனிதருக்கு, வீடு வந்ததும் யாராலும் திறக்க முடியாத பெட்டி செய்வதில் அப்படியொரு ஆசை. பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்துப் பட்டறை ஆக்கியிருந்தார். முதலில் ஒரு முக்காலி செய்தார். மூன்று காலும் மூன்று அபிப்பிராயம் வைத்திருந்தன. "மனுஷங்க உக்கார்ற சாமான் எதுவும் செய்யாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டபிறகுதான் பெட்டிக்குத் தாவினார்.

பார்வைக்கு அது சாதுவான பெட்டி. பூட்டு இல்லை, கீல் இல்லை, சாவித்துளை இல்லை. இடப்பக்கப் பலகையை நகக்கண் அளவு தள்ளினால் அடிப்பலகை இளகும். அதை இழுத்தால் வலப்பக்கம் வழிவிடும். இப்படி ஒன்றுக்கொன்று கண்ஜாடை காட்டிக்கொண்டே போய்க் கடைசியில் மூடி நகரும். இழைத்ததையே இழைத்து, உப்புத்தாளால் தேய்த்ததையே தேய்த்து, ஒரு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தினார். வந்த விருந்தாளிகள் எல்லாரும் தோற்றார்கள். அக்கா ஒரு தடவை காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு இருக்கற ஒரு புதிரே போதும்" என்று அவரைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடல் தாண்டி இருக்கும் அவர்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். அக்கா புறப்பட வேண்டிய நாள். விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகக் கார் எடுத்துக்கொண்டு நான் வந்தேன். வழக்கம்போல அநியாயத்துக்கு முன்னதாகவே.

"அத்தான், பாஸ்போர்ட் எடுத்து வச்சாச்சா?"

"பெட்டிக்குள்ள இருக்கு மச்சான்."

"எந்தப் பெட்டி? கைப்பையிலல்ல இருக்கணும்?"

"அட, நம்ம பெட்டி. இந்த வீட்டுலயே அதைவிடப் பத்திரமான இடம் எது, சொல்லு."

உட்காரப்போன நான் எழுந்துவிட்டேன். அவரோ வித்தை காட்டுகிறவர்போல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இடப்பக்கம் நகர்ந்தது. அடிப்பலகை இளகியது. வலப்பக்கம் பாதிவரை வந்து நின்றது. அதற்குப்பின் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அத்தான் பெட்டியை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

"முந்தாநாள் கொஞ்சம் மெஷின் ஆயில் விட்டேன். வழுவழுன்னு ஓடட்டுமேன்னு."

"மரத்துக்கா?" என்றாள் அக்கா.

"பழக்க தோஷம்மா. உரசற இடத்தைப் பார்த்தா கை தானா ஆயிலைத் தேடுது."

தேய்த்த மரத்தூள் கொஞ்சம் பலகை ஓடும் பள்ளங்களில் தங்கியிருக்கிறது. அது எண்ணெயைக் குடித்துப் பசையாகிவிட்டது. போதாக்குறைக்குப் பலகையும் குடித்து உப்பியிருக்கிறது. அக்காவின் தலைமுடி உலர்த்தும் கருவியை வைத்துச் சூடு காட்டினோம். எண்ணெய் இளகி இன்னும் உள்ளே இறங்கியதுதான் மிச்சம். நான் கடிகாரத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ஊர்ல எவன் மாட்டிக்கிட்டாலும் சோத்துல கை வச்சவர் எழுந்து ஓடுவாரு" என்றாள் அக்கா. "பொண்டாட்டி பாஸ்போர்ட்டைப் போட்டு மூடிட்டு, பெப்பேன்னு நிக்கறாரு. ஏங்க, நான் போகக் கூடாதுன்னு வேணும்னே உள்ள வச்சீங்களா?"

கேலியாகத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது. அத்தான் சிரிக்கவில்லை. அவர் காதுமடல் சிவந்தது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே தவிர, இல்லையென்று ஒரு வார்த்தை வரவில்லை. கல்யாணமானதிலிருந்து ஒரு வாரம் சேர்ந்தாற்போல் பிரிந்திராதவர்கள்.

அக்காவும் கவனித்துவிட்டாள். குரல் இறங்கியது.

"சரி விடுங்க. பொண்ணுக்கு இன்னும் நாள் இருக்கு. டிக்கெட்டை மாத்திக்கலாம். காய வச்சு நிதானமாத் திறங்க. ஒரு வருஷ உழைப்பு, அதை ஏன் கெடுக்கணும்?"

"மாத்தறதா!" என்று நான் அலறினேன். என்னை யாரும் சட்டை செய்யவில்லை.

அத்தான் எழுந்து பால்கனிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் மெல்லிய பல் ரம்பம் இருந்தது.

"அத்தான், பாஸ்போர்ட்டுல பல் பட்டுதுன்னா..."

"உள்ள எந்தச் சுவர் எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க. நீ மூச்சு விடறது எனக்கு இடைஞ்சலா இருக்கு."

அக்கா பெட்டியை மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் அடிப்பலகையை ஒட்டிய மூட்டில் ரம்பத்தை வைத்தார். முதல் இழுப்புக்குத்தான் கொஞ்சம் யோசித்தார். பிறகு நிறுத்தவே இல்லை. மேசையெல்லாம் தூள். ஒரு பக்கம் முழுக்க அறுபட்டதும் பெட்டியைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினார். பாஸ்போர்ட் வழுக்கிக்கொண்டு வந்து அக்கா கையில் விழுந்தது. அட்டையின் ஓரத்தில் மட்டும் எண்ணெய் ஊறியிருந்தது. உள்ளே ஒரு தாளிலும் கறையில்லை.

"படத்துல நான்தான் இருக்கேன், நல்லவேளை" என்றாள் அக்கா, முந்தானையால் துடைத்துக்கொண்டே. "இந்த மனுஷன் கைக்குப் போனது திரும்பி வரும்போது வேற எதாவது ஆயிருக்கும்."

"கிளம்பு, கிளம்பு. உன் தம்பிக்கு மயக்கம் வரப்போகுது."

காரை நான் ஓட்டிய வேகம் எனக்கே புதிது. அத்தான் முன்னிருக்கையில் அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். விரலிடுக்கில் மரத்தூள் அப்படியே இருந்தது. உள்ளே போகும் வாசலில் அக்கா, பருப்பு எந்த டப்பாவில், துணி எந்த அலமாரியில் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வரிசை நகர்ந்தது. அப்போதுதான் கேட்டார்.

"எப்பம்மா திரும்பி வருவே?"

"டிக்கெட் எடுத்ததே நீங்கதானே? தேதி தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் என்ன கேள்வி?"

"நீ வாயால சொல்லு. கேட்டுக்கறேன்."

பின்னால் நின்றவர் தள்ளுவண்டியால் எங்களை இடிக்க ஆரம்பித்துவிட்டார். அக்கா அசையவில்லை. அத்தானின் சட்டைப் பொத்தானில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே, பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தித் தேதியைச் சொன்னாள், கிழமையையும் சேர்த்து.