ஸ்லைடுக்குக் கீழே ஏகாம்பரம் சார்

ஏகாம்பரம் சார் போய்விட்டார் என்ற செய்தி ஞாயிற்றுக்கிழமை காலை நம் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மாரடைப்பாம். அப்போது நான் செங்கல்பட்டில் என் வீட்டில், ஸ்லைடில் ஒரு படம் நகரமாட்டேன் என்று அடம்பிடிப்பதைப் பற்றி அவரிடம்தான் கேட்கத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்கு ஒன்றுகூடப் போட மனம் வரவில்லை. அந்தக் கேள்வி இன்னும் அனுப்பாமலே கிடக்கிறது.

உங்களுக்கெல்லாம் அவர் அறிவியல் ஆசிரியர். மாமல்லபுரத்துக் கடலோரக் குப்பத்தில் பிறந்தவர், வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அவர் கடைசி பெஞ்சுத் தோழர். பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தபோது இருவருக்கும் ஐம்பத்தைந்து வயது. பயிற்சி வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் திருதிருவென்று விழித்தோம்.

கடப்பாக்கம் பக்கத்து நம் பள்ளியில் அவர் எடுத்த முதல் ஸ்லைடு வகுப்பைப் பின்னால் நின்று பார்த்தேன். ஸ்லைடுக்குக் கீழே, ஆசிரியர் தனக்கு மட்டும் குறிப்பு எழுதிக்கொள்ள ஓர் இடம் உண்டு. முழுத்திரையாக்க மறந்த மனிதர் அதையும் சேர்த்துக் காட்டிவிட்டார். "இங்கே ஜோக் சொல்லணும். சிரிக்கலன்னா அடுத்ததுக்குப் போ" என்று போர்டில் தெரிந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இன்னாடா, நான் இன்னும் சொல்லவே இல்ல, அதுக்குள்ள சிரிச்சிகினு கீறீங்க?" என்றார்.

எனக்கோ பிள்ளைகள் முன்னால் தடுமாறுவதை நினைத்தாலே பயம். விருப்ப ஓய்வு கேட்டுக் கடிதம் எழுதிவிட்டேன். வீட்டில் பேச ஆளில்லாதவள் நான். வகுப்பும் போனால் நாள் முழுக்க வாய் திறக்க வேலையே இருக்காது. அது தெரிந்தும் எழுதினேன். சார் அதை வாங்கிப் படித்தார். நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தப்பு பண்ணா இன்னா இப்போ? பசங்க சிரிப்பாங்க, அவ்ளோதான். சிரிச்சா தூங்கலன்னு அர்த்தம், டீச்சர்."

கடிதத்தைத் திருப்பிக் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

அதன்பின் மதிய இடைவேளைகளில் சேர்ந்து கற்றோம். அலைகள் பாடத்துக்கு இணையத்தில் தேடி ஏதோ வெளிநாட்டுக் கடற்கரைப் படத்தைப் போட்டேன். "இது யார் வூட்டுக் கடலு? நம்ம கடலு இங்கயே கீதே!" என்றவர், மறுநாளே ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் போய்ப் படமெடுத்து அனுப்பினார். என் ஸ்லைடுகளை இணையம் வழியே அவரோடு பகிர்ந்திருந்தேன். வீட்டிலிருந்தபடியே திருத்தித் தருவார்.

அவர் காரியம் முடிந்த மறுவாரம் அந்த அலைகள் பாடத்தை எடுக்க வேண்டியிருந்தது. எப்போதும் அவர் சொருகித் தரும் ஒயரை அன்று நானே சொருகினேன். சரியாக வருகிறதா என்று அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்க்க அவரில்லை. பதற்றத்தில் நானும் முழுத்திரையாக்க மறந்துவிட்டேன்.

"டீச்சர், கீழ இன்னாவோ எழுதிக்கீது" என்றாள் முதல் பெஞ்சு மாணவி.

"என்னன்னு படி."

"டீச்சர், இங்க நிறுத்துங்க. தண்ணி குடிங்க. நல்லாத்தான் போய்கினு கீது."

நான் எழுதியதல்ல அது. பேச்சை வைத்தே யாரென்று பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். முப்பது பேரும் நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

என்னிடம் தண்ணீர் குடி என்று சொல்ல வேறு யாருமில்லை. அவர் விட்டுப்போனதில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு வரிதான். அந்த ஸ்லைடை மட்டும் நான் முழுத்திரையாக்குவதே இல்லை.