நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர்

எங்கள் தெரு ஷாஹினா எடுத்த குறும்படத்தை இன்று மாலை பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழைய மிளகுக் கிடங்கில் திரையிட்டார்கள். நாற்காலி, சாயா, படம் எடுக்க வீடு என்று தெருவே அவளுக்கு உதவியது. என்னால் முடிந்தது ஒரு வம்பு. அதைக் கொடுத்தேன்.

படம் தொடங்கியதும் நான் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தேன். ஹோட்டல் மீன் கறியை மண்சட்டியில் ஊற்றி, "நான் வச்சது" என்று கணவனுக்குப் பரிமாறும் பெண்ணின் கதை.

நிஜத்தில் அந்தப் பெண் என் வீட்டு ஓனர் லதா சேச்சி. பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் அவள் கணவர்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இப்படியும் பெண்ணுங்க உண்டா, லதா?"

சேச்சி சிரிக்கவில்லை. நான் மெல்லக் கிசுகிசுத்தேன். "அந்த ஹோட்டல்காரனுக்கு வாய் நீளம், சேச்சி." அவளும் பாதி நம்பிவிட்டாள்.

சம்பளம் கொடுக்க முடியாத ஷாஹினா, உதவிய எல்லோருக்கும் படத்தின் முடிவில் பெயர் போட்டு நன்றி சொல்லியிருந்தாள். "கதை தந்தவர்" என்று என் பெயர் திரை நிறைய வந்தது. கூட்டம் கைதட்டியது.

சேச்சி என் காதருகே குனிந்தாள். "நாளைக்கு மத்தியானம் ஊணு எங்க வீட்டுல. மீன் கறி நானே வைக்கறேன், கேட்டோ."

துணைக்கு யாராவது வருகிறீர்களா? வருகிறவர்தான் முதல் வாய் சாப்பிட வேண்டும்.